பெரிய கால்பந்து அரங்குக்குள் ஒரு சுற்று: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ தோகாவிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற ஐயாவையும் அப்பத்தாவையும் கோயில், மியூசியம், ஆற்றங்கரை என்று கூட்டிப்போய் முடிந்ததும், "இந்த வாரம் ஸ்டேடியம் டூர் போட்டிருக்கேன்" என்று ஒருநாள் சொல்வார்கள். மேட்ச் இல்லாத நாளில் காலியான மைதானத்துக்குக் காசு கொடுத்துப் போவானேன் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதும் நடக்கும். மேட்ச் இல்லாத நாளில்தான் போக வேண்டும். அன்றைக்குத்தான் உள்ளே விடுவார்கள்.

கானாடுகாத்தானில் நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். முகப்பில் நின்று தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். வளவில் (நடு முற்றத்தில்) விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, இரண்டாங்கட்டிலிருந்து கல்யாணப் பந்திக்குச் சாப்பாடு எப்படி வந்தது என்று கேட்கிறவர் அபூர்வம். கேட்டவருக்குத்தான் அந்த வீடு புரியும். ஸ்டேடியத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கோப்பையும் ஜெர்சியும் முகப்பு. புல் எப்படி உயிரோடு இருக்கிறது, அறுபதாயிரம் பேர் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியே போகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய சமாசாரம். இந்த வழிகாட்டியை அந்த நோக்கில்தான் எழுதுகிறேன்.

1. எந்த அரங்கு?

லண்டனில் தங்கினால் மூன்று இடங்கள் முன்னால் நிற்கும். வெம்ப்ளி, எமிரேட்ஸ், டோட்டன்ஹாம்.

வெம்ப்ளி எந்த கிளப்புக்கும் சொந்தமில்லை, இங்கிலாந்து தேசிய அணியின் வீடு. 1923-இல் திறந்த பழைய அரங்கை இடித்துவிட்டு, அதே இடத்தில் 2007-இல் புதிதாகத் திறந்தார்கள். 90,000 பேர் உட்காரலாம். தலைக்கு மேல் 133 மீட்டர் உயரத்தில் ஒரு எஃகு வளைவு நிற்கிறது. அழகுக்காக வைத்தது போலத் தெரியும், உண்மையில் வடக்குப் பக்கக் கூரையின் முழுப் பாரத்தையும் அதுதான் தூக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் உள்ளே பார்வையை மறைக்கும் தூண் ஒன்றுகூட இல்லை. 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்ற ஆட்டத்தின் கோல்போஸ்ட் குறுக்குக் கட்டையை இங்கே வைத்திருக்கிறார்கள். பந்து அதில் பட்டுக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எமிரேட்ஸ் ஆர்சனல் கிளப்பின் அரங்கு. 2006-இல் திறந்தது, 60,000-க்குச் சற்று மேல் இருக்கைகள். ஆடியோ கருவியைக் கையில் கொடுத்து உங்கள் போக்கில் நடக்கவிடுவார்கள். நின்று நின்று நடக்கிற பெரியவர்களுக்கு இதுதான் வசதி. இன்னொரு காரணமும் உண்டு. ஹைகேட் முருகன் கோயில் இதே வட லண்டனில் ஆர்ச்வே ரோட்டில் இருக்கிறது. காலையில் தரிசனம் முடித்து ஹாலோவே ரோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் மத்தியானம் அரங்கில் இருக்கலாம். அப்பத்தாவைச் சம்மதிக்க வைக்க இது போதும்.

டோட்டன்ஹாம் 2019 ஏப்ரலில் திறந்தது, 62,850 பேருக்கு இடம். இயந்திர நுணுக்கத்தில் ஆர்வம் உள்ளவர் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். இங்கே கால்பந்துப் புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து, தெற்கு ஸ்டாண்டுக்கு (பார்வையாளர் உட்காரும் பக்கத்துக்கு) அடியில் நகர்ந்து போய் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு துண்டும் 3,000 டன்னுக்கு மேல். சுமார் 25 நிமிடத்தில் வேலை முடிந்து, கீழே அமெரிக்கக் கால்பந்துக்கான செயற்கைத் தரை வெளியே வந்துவிடும். என்னைக் கேட்டால் மூன்றில் இதற்குத்தான் முதல் ஓட்டு.

ஐரோப்பாவில் வேறு ஊர் என்றால் மாட்ரிட்டின் பெர்னபேயூவும் மூனிச்சின் அலையன்ஸ் அரீனாவும் நல்ல தேர்வு. பெர்னபேயூவைப் புதுப்பித்தபோது புல்தரையைத் தட்டுத் தட்டாகப் பிரித்து நிலத்துக்கு அடியில் இறக்கி வைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அலையன்ஸ் அரீனா 2005-இல் திறந்தது. காற்று நிரப்பிய பிளாஸ்டிக் மெத்தைகளால் ஆன வெளிச்சுவர் இரவில் நிறம் மாறி ஒளிரும்.

நம்மவர்கள் அதிகம் போகும் ஊர் சிங்கப்பூர்தான். திருச்சியில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம். அங்கே கல்லாங்கில் இருக்கும் தேசிய அரங்கு 2014-இல் திறந்தது, 55,000 இருக்கைகள். 310 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்துக்கு நடுவில் ஒரு தூணும் கிடையாது. மழை வந்தால் கூரை மூடும், இருக்கைகளுக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று வரும். கீழ்வரிசை இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தி ஓட்டப்பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் மாற்றுவார்கள். உள்சுற்று எல்லா நாளும் நடக்கும் என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள், தேதி பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே அரங்கைச் சுற்றி ஓடும் வட்டப் பாதையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், காசு கிடையாது. சர்க்கிள் லைனில் ஸ்டேடியம் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது.

தோகாவில் கலீஃபா அரங்கை ஒட்டி 3-2-1 விளையாட்டு மியூசியம் 2022-இல் திறந்தது. மெட்ரோவில் ஸ்போர்ட் சிட்டி நிலையத்தில் இறங்கினால் போதும். 974 சரக்குக் கொள்கலன்களை அடுக்கிக் கட்டிய இன்னொரு அரங்கும் அதே ஊரில் இருக்கிறது. 974 என்பது அந்த நாட்டின் தொலைபேசிக் குறியீடும்கூட, அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு அந்த எண் மனப்பாடமாக இருக்கும்.

2. எந்த வகைச் சுற்று?

மூன்று வகை உண்டு. ஆடியோ கருவியோடு தனியாக நடப்பது, கைடு கூட்டிப்போவது, பழைய ஆட்டக்காரர் ஒருவர் கூட வருவது. மூன்றாவது விலை கூடியது. அந்தக் கிளப்பின் வெறியராக இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லாவிட்டால் அவர் சொல்லும் 1980-களின் ஆட்டக் கதைகள் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது.

ஆடியோவா கைடா என்றால் என் கட்சி கைடுதான். கருவியிடம் கேள்வி கேட்க முடியாது. ஆடியோ சுற்றிலும் ஒவ்வொரு இடத்திலும் ஊழியர்கள் நிற்பார்கள், அவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். பெரும்பாலும் பல வருடம் அங்கேயே இருக்கும் உள்ளூர்க்காரர்கள், ஒரு கேள்வி கேட்டால் பத்து விஷயம் சொல்வார்கள். ஆடியோ தமிழில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேரனோ பேத்தியோ பக்கத்தில் நடந்தபடி மொழிபெயர்க்கட்டும், அவர்களுக்கும் பெருமை.

3. தேதியில்தான் பலரும் கோட்டை விடுவது

நம் பெரியவர்கள் லண்டன் போவது குளிருக்குப் பயந்து மே முதல் ஆகஸ்ட் வரை. ஸ்டேடியம் பார்க்க அது அவ்வளவு நல்ல காலமில்லை. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்கள் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகின்றன. முடிந்த கையோடு புல்தரையின் மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு புதிதாக விதைப்பார்கள். அந்த வாரங்களில் போனால் நடுவில் வெறும் மண்ணும் டிராக்டரும்தான் தெரியும். வெம்ப்ளியிலும் டோட்டன்ஹாமிலும் கோடையில் பாட்டுக் கச்சேரிகள் நடக்கும், அப்போது சுற்றுகளை நிறுத்திவிடுவார்கள், அல்லது சில பகுதிகளைக் காட்டமாட்டார்கள். விவசாயக் கண்ணோடு பார்க்கிறவருக்கு அந்த விதைப்பும் ஒரு காட்சிதான். மற்றவர்கள் செப்டம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். கோடையைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஜூலைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள், புது முளை பச்சை கட்டியிருக்கும்.

ஆட்ட நாளில் உள்சுற்று கிடையாது, அல்லது பாதிதான். ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் என்றால் அதற்கு முதல் நாளும் சந்தேகம்தான். வெளியூர் அணி வந்து பயிற்சி எடுக்கும், பத்திரிகையாளர் கூட்டம் நடக்கும், டிரெஸ்ஸிங் ரூம் பூட்டிக் கிடக்கும். விளம்பர ஒப்பந்தம் காரணமாக அரங்கின் பெயரைக்கூட அந்தப் போட்டிகளில் மாற்றிச் சொல்வார்கள். அலையன்ஸ் அரீனா அன்றைக்கு மூனிச் கால்பந்து அரங்கு ஆகிவிடும்.

இன்னொன்று, இங்கிலாந்தில் லீக் அட்டவணை ஜூனில் வெளிவந்தாலும் அது கல்வெட்டில்லை. டி.வி. ஒளிபரப்புக்காகச் சனிக்கிழமை ஆட்டம் ஞாயிறுக்கோ திங்களுக்கோ நகரும். ஆகவே வாரக் கடைசியை நான்கு மாதம் முன்னாலேயே பதிவு செய்வதில் அர்த்தமில்லை. செவ்வாயோ வியாழனோ காலை நேரம் கிடைத்தால் கூட்டமும் குறைவு, கைடும் அவசரப்பட மாட்டார். பள்ளி விடுமுறை வாரங்களை மட்டும் தவிருங்கள்.

4. டிக்கெட்

கிளப்பின் சொந்த இணையதளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர் தளங்களில் அதே டிக்கெட் கூடுதல் விலைக்கு இருக்கும், தேதி மாற்றவும் விடமாட்டார்கள். லண்டன் அரங்குகளில் பெரியவருக்கு ஏறத்தாழ 25 முதல் 35 பவுண்டு வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். நான்கு பேர் குடும்பமாகப் போனால் குடும்ப டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பல இடங்களில் சலுகை உண்டு, நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டின் நகலைக் கையில் வைத்திருங்கள், அசலை வீட்டில் விட்டுவிடுங்கள்.

டிக்கெட்டில் குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னால் வாசலில் இருக்க வேண்டும். நம் ஊர் நேரம் அங்கே செல்லாது.

முழங்கால் வலி, சக்கர நாற்காலி என்று எது இருந்தாலும் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். லிஃப்ட் வழியாகக் கூட்டிப்போகத் தனி வழி வைத்திருப்பார்கள், முன்கூட்டிச் சொன்னால் ஆளும் தயாராக இருக்கும்.

5. போகிற அன்று

இந்த அரங்குகள் கான்கிரீட் கிண்ணங்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே காற்று சுழன்று அடிக்கும். மேலே ஒரு கனமான ஸ்வெட்டரோ கோட்டோ வேண்டும். செருப்பு வேண்டாம். சேலைக்கு ஷூ பொருந்தாது என்று கூச்சப்பட்டால் ஈரமான படிக்கட்டில் வழுக்கி விழ நேரும். பட்டுச் சேலையைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கைத்தறிப் பருத்தி நடக்க வசதி.

பை சிறியதாக இருக்கட்டும். இங்கிலாந்தின் பெரிய அரங்குகளில் ஆட்ட நாளில் ஏ4 தாள் அளவுக்கு மேற்பட்ட பையை விடமாட்டார்கள். சுற்று நாளிலும் பெட்டி படுக்கையோடு போகக் கூடாது. விமானத்திலிருந்து நேராக அங்கே போகும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். மாத்திரை, தண்ணீர், இரண்டு பிஸ்கட் போதும். சீப்புச்சீடை டப்பாவை உள்ளே திறந்து பரிமாற வேண்டாம், வெளியே பெஞ்ச் இருக்கிறது.

எமிரேட்ஸுக்கு ஹீத்ரூவிலிருந்தே பிக்காடில்லி லைனில் நேராக ஆர்சனல் நிலையம் வரலாம். ஒரு கிளப்பின் பெயரையே தாங்கிய அந்த நிலையத்துக்கு 1932-இல் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் வெளியே வர நீளமான சரிவுப் பாதையில் ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்குகிறவர்களுக்கு பஸ்தான் சரி. வெம்ப்ளிக்கு வெம்ப்ளி பார்க் நிலையம், லிஃப்ட் உண்டு, இறங்கியதும் அகலமான நடைபாதை நேராக அரங்குக்குக் கொண்டுபோகும். முடிந்ததும் ஈலிங் ரோட்டுக்குப் போனால் இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாம் கிடைக்கும். டோட்டன்ஹாமுக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி ஒயிட் ஹார்ட் லேனில் இறங்குங்கள்.

6. உள்ளே: மேல்வரிசை

பெரும்பாலும் சுற்று மேலே தொடங்கும். கதவைத் தாண்டியதும் முழு மைதானமும் ஒரேயடியாகக் கண்முன் விரியும். எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். பிறகு ஒரு இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிறவர் தலை மறைக்கிறதா என்று பாருங்கள். மறைக்காது. பின்வரிசைக்காரரின் பார்வைக் கோடு முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலே சில சென்டிமீட்டர் இடைவெளியில் போகும்படி ஒவ்வொரு படியின் உயரத்தையும் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலே போகப் போக அதனால்தான் படி செங்குத்தாகிறது. இங்கிலாந்தில் இந்தச் சரிவு 34 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது வழிகாட்டு நெறி. தலைசுற்றல் உள்ளவர்கள் மேல் அடுக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள், கீழே பார்க்காதீர்கள்.

வெம்ப்ளியில் கோப்பை வாங்க ஆட்டக்காரர்கள் 107 படி ஏற வேண்டும். பழைய அரங்கில் 39 படிதான். குன்றக்குடி மலை ஏறிய கால்களுக்கு இது ஒன்றுமில்லை, 90 நிமிடம் ஓடிக் களைத்தவனுக்குத்தான் கஷ்டம்.

7. புல்

இந்த இடத்தில் நிதானியுங்கள். சுற்றில் மிகப் பெரிய கண்டிப்பு ஒன்று உண்டு. புல்லில் கால் வைக்கக் கூடாது. கயிற்றைத் தாண்டி ஒரு விரலை நீட்டினாலும் ஊழியர் ஓடிவருவார். அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது.

105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நிஜப் புல்தான், ஆனால் இடையிடையே செயற்கை இழைகளை ஊசியால் சுமார் 20 செ.மீ. ஆழத்துக்குத் தைத்திருப்பார்கள். ஒரு மைதானத்துக்குக் கோடிக்கணக்கான இழைகள், ஆனாலும் மொத்தப் பரப்பில் அது 100-க்கு 5 பங்கைத் தாண்டாது. புல்லின் வேர் அந்த இழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் ஆட்டக்காரர் வழுக்கித் தேய்த்தாலும் மண் கட்டியாகப் பெயர்ந்து வருவதில்லை. அடியில் மணல் கலந்த படுகை, வடிகால், குளிர்காலத்தில் தரை உறையாமலிருக்க வெந்நீர்க் குழாய்.

வெயில்தான் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை. நமக்கு வெயில் தலைக்கு மேலே நிற்கும். லண்டனில் குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகச் சாய்ந்து போகும். தெற்கு ஸ்டாண்டின் நிழல் பாதி மைதானத்தை மாதக்கணக்கில் மூடிவிடும். அதற்குத்தான் சக்கரம் வைத்த பெரிய விளக்குச் சட்டங்களைப் புல்லின் மேல் நகர்த்தி நகர்த்தி வைக்கிறார்கள். நீங்கள் போகும் நாளில் அந்த விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் படம் கெட்டுவிட்டது என்று வருத்தப்படாதீர்கள். ஆட்ட நாளில் வருகிறவர்கள் பார்க்கவே முடியாத காட்சி அது. வெம்ப்ளியில் தெற்குக் கூரையின் ஒரு பகுதி பின்னால் நகர்வதும் புல்லுக்கு வெளிச்சம் விடத்தான்.

சிங்கப்பூரில் கதை வேறு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் கூரை அதை மறைத்தது. அரங்கு திறந்த அதே ஆண்டு அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் அங்கே ஆடியபோது தரை திட்டுத் திட்டாக மணலாகக் கிடந்தது. நெய்மார் அன்று நான்கு கோல் போட்டார், ஆனாலும் பேச்செல்லாம் மண்ணைப் பற்றித்தான். பிறகு வேறு வகைப் புல்தரைக்கு மாறினார்கள்.

கைடிடம் கேளுங்கள்: புல்லை எத்தனை மில்லிமீட்டருக்கு வெட்டுகிறீர்கள்? ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது எதற்கு? (ஈரத் தரையில் பந்து வேகமாக உருளும். வேகமாகப் பந்தைக் கொடுத்து வாங்கும் அணிகளுக்கு அது பிடிக்கும்.) எந்தப் பக்கம் முதலில் பழுதாகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டதும் கைடின் குரலே மாறும்.

8. டிரெஸ்ஸிங் ரூம், டனல், பத்திரிகையாளர் அறை

பிள்ளைகளுக்கு இதுதான் உச்சம். சொந்த அணியின் அறையில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஜெர்சியும் அவரவர் இடத்தில் தொங்கும். பிடித்தவரின் இடத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். வரிசை நீளமாக இருந்தால் முந்தாமல் நில்லுங்கள், இங்கே முந்துவது பெரிய அவமரியாதை.

வெளியூர் அணியின் அறையைக் காட்டினால் கட்டாயம் பாருங்கள். பல இடங்களில் வேண்டுமென்றே சுமாராக வைத்திருப்பார்கள். நார்விச் கிளப் 2018-இல் தன் அரங்கில் வெளியூர் அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தது. எதிராளியின் ஆவேசத்தைக் குறைக்கும் உபாயம் என்று பேச்சு. சம்பந்தி வீட்டாரை உட்கார வைக்கும் அறையில் நாம் இப்படிச் செய்ய முடியுமா?

பத்திரிகையாளர் அறையில் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார விடுவார்கள். அங்கே ஊழியரே படம் எடுத்து, கடைசியில் விலைக்குக் காட்டுவார். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. "வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

டனலில், அதாவது ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் நுழையும் வழியில், கூட்டத்தின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு உங்களை மைதானத்தை நோக்கி நடக்க வைப்பார்கள். கொஞ்சம் நாடகம்தான், ஆனாலும் மயிர்க்கூச்செறியும். டோட்டன்ஹாமில் டனலுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்புறம் சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பெரிய தொகை கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏற்பாடு ரசிக்கவில்லை.

டனலில் மூடிய கதவுகளைக் கவனியுங்கள். நடுவர் அறை, ஊக்கமருந்துப் பரிசோதனை அறை, மருத்துவ அறை. திறக்கமாட்டார்கள், எது எது என்று கேட்டால் சொல்வார்கள். மைதானத்தின் ஓரம் வந்ததும் கூரையை அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு கோல்போஸ்ட்டையும் ஏழு கேமராக்கள் பார்க்கின்றன, ஆக மொத்தம் 14. பந்து கோட்டை முழுதாகத் தாண்டினால் ஒரு விநாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரம் அதிரும். 1966-இல் இது இருந்திருந்தால் அந்தக் குறுக்குக் கட்டையைப் பற்றி இவ்வளவு பேச்சு இருந்திருக்காது. மறுபார்வைக்கான வீடியோ நடுவர்கள் அரங்கிலேயே இருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்து லீக்கில் அவர்கள் லண்டனுக்கு மேற்கே ஸ்டாக்லி பார்க்கில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அரங்கில் இருப்பது நடுவர் ஓடிப்போய்ப் பார்க்கும் ஒரு திரை மட்டும்.

9. கூட்டம் போகிற வழி

கைடுகள் இதைப் பற்றித் தானாகப் பேசுவது குறைவு. நான் எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வி இதுதான்: எல்லோரும் வெளியேற எத்தனை நிமிடம்?

இங்கிலாந்தின் பாதுகாப்பு நெறிப்படி, ஆட்டம் முடிந்ததும் எட்டு நிமிடத்துக்குள் மக்கள் இருக்கைப் பகுதியை விட்டு வெளிவழிக்கு வந்துவிட வேண்டும். இருக்கை வரிசையின் நீளம், இடைவழியின் அகலம், கதவுகளின் எண்ணிக்கை எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போட்டவை. நுழையும் வாசலில் ஒருவர் ஒருவராக விடும் சுழல்கதவு. வெளியேறும்போது அகலத் திறக்கும் பெரிய கதவு. நுழைவும் வெளியேற்றமும் ஒரே வாய் வழியாக நடப்பதில்லை. மேல் அடுக்குக்காரரும் கீழ் அடுக்குக்காரரும் படிக்கட்டில் மோதிக்கொள்ளாதபடி வழியைப் பிரித்திருப்பார்கள்.

இந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் மர ஸ்டாண்டில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் கம்பி வேலிக்கும் கூட்டத்துக்கும் இடையில் நசுங்கி 97 பேர் உயிர் போயிற்று. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின, பெரிய அரங்குகள் எல்லாம் முழுக்க இருக்கைகள் கொண்டவையாக மாறின. 2022-இலிருந்து சில பகுதிகளில் மறுபடி நின்று பார்க்க விடுகிறார்கள், ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் இரும்புக் கம்பி இருக்கும். டோட்டன்ஹாமிலும் வேறு சில இடங்களிலும் அந்தக் கம்பிகளைத் தொட்டுப் பார்க்கலாம்.

2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசலில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டக் கூட்டத்தில் 11 பேர் இறந்தது நினைவிருக்கும். தேர்த் திருவிழா, குடமுழுக்கு என்று பெருங்கூட்டம் சேரும் ஊர்களிலிருந்து போகிறவர்கள் நாம். ஊர்க் கமிட்டியில் இருக்கிற யாராவது இந்தச் சுற்றுக்குப் போனால் கோப்பை அறையைவிட்டு இந்தக் கதவுகளையும் படிகளையும் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி ஜன்னல் மேல் மூலையில் தெரியும். போலீஸ், ஆம்புலன்ஸ், பாதுகாப்பு அதிகாரி எல்லோரும் ஆட்ட நாளில் ஒரே அறையில், நூற்றுக்கணக்கான கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்வார்கள். உள்ளே விடுவது அரிது, எங்கே இருக்கிறது என்று கைகாட்டச் சொல்லுங்கள்.

10. மியூசியமும் கடையும்

கால் ஓய்ந்த பிறகு மியூசியம் வரும். பெரியவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் ஓடட்டும். அரைமணி போதும்.

சுற்றின் கடைசிக் கதவு நேராகக் கடைக்குள் திறக்கும், அநேகமாக எல்லா அரங்கிலும் அப்படித்தான். ஊரில் இருக்கும் அக்கா மகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று பட்டியல் போட்டு வந்திருந்தால் சாவி வளையம், பேனா, ஸ்கார்ஃப் போன்றவை கட்டுப்படியாகும். ஜெர்சி விலை அதிகம், போன சீசன் ஜெர்சியைத் தள்ளுபடி மூலையில் தேடுங்கள். சுற்று டிக்கெட்டைக் காட்டினால் கடையில் ஏதாவது தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் வழக்கம் 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டது, ஆகவே ரசீதை விமான நிலையத்தில் நீட்டிப் பயனில்லை. சிங்கப்பூரில் இன்னும் உண்டு. 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி ரசீது போடச் சொல்லுங்கள்.

ஜெர்சியின் முதுகில் பெயர் அச்சடிப்பதாக இருந்தால் அளவைப் போட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள். பெயர் போட்ட ஜெர்சியைத் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எழுத்துக்கு இவ்வளவா, மொத்தமாக இவ்வளவா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மீனாட்சிசுந்தரம் என்று முழுப் பெயரையும் போடச் சொன்னால் இரண்டு தோள்பட்டையும் போதாது, சுந்தர் என்று போடச் சொல்லுங்கள்.